3.44க்குப் பிறகு வாசித்தது

இது நடந்தது. போன டிசம்பர் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கொடைக்கானலில், பிற்பகல் இரண்டு மணிக்கும் ஐந்தரை மணிக்கும் நடுவில். நள்ளிரவு இல்லை. அமாவாசை இல்லை. புளியமரம், நாய் ஊளை, வெள்ளைப் புடவை எதுவும் இல்லை. பேய்க்கதைக்கென்று கிடைக்கும் சாமான் ஒன்றுகூட அன்று அந்த இடத்தில் இல்லை. இருந்திருந்தால் சஃபீர் பயந்துபோய் சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பியிருப்பான். தப்பித்திருப்பான்.

சந்தேகப்படுகிறவர்களுக்கு மதிப்பெண் தாள் இருக்கிறது. நடுவர்கள் மூன்று பேரின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. படித்தவர்கள் கையெழுத்துப் போட்ட பேய்க்கதை இதற்கு முன்னால் வந்ததாகத் தெரியவில்லை.

சஃபீருக்கு இருபத்தொன்பது வயது. பஜாரில் அவன் அத்தா ஒலியுல்லா சாக்லெட் கடை வைத்திருக்கிறார். சஃபீர் கிளாசிக்கல் கிட்டார்க்காரன். அதாவது, பிளாஸ்டிக் வில்லையை வைத்துப் பரபரவென்று தேய்க்கிற ரகம் இல்லை. நகத்தால் மீட்டுகிற ரகம். இடது காலைக் குட்டி ஸ்டூல் ஒன்றின் மேல் தூக்கி வைத்து, துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். அதற்காக வலது கையில் நான்கு விரல்களுக்கு நகம் வளர்த்திருந்தான். அந்தக் கையால் சாக்லெட் எடுத்துக் கொடுத்தால் சுற்றுலா வந்தவர்கள் வாங்கத் தயங்கினார்கள். ஆகவே கடையில் அவனுக்கு இடது கை வேலை மட்டும். மற்றதெல்லாம் அக்கா ஜஹனாரா தலையில். திண்டுக்கல்லிலிருந்து மேகம் வரைக்கும் தன்னை மாதிரி ஒரு கிட்டார்க்காரன் இல்லை என்பது சஃபீரின் முடிவு. அந்தத் தூரத்துக்குள் கிளாசிக்கல் கிட்டார் வாசிக்கிறவர்கள் மொத்தமே மூன்று பேர் என்பதை ஜஹனாரா அவ்வப்போது நினைவூட்டுவாள்.

போட்டியின் பெயர் அகில உலகக் கிளாசிக்கல் கிட்டார் போட்டி. உலகத்திலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். உலகத்தின் ஒரு கோடி பெங்களூர், இன்னொரு கோடி கன்னிவாடி. தலைமை நடுவர் ஜெயமுருகன் ஸ்பெயினில் பதினோரு நாள் இருந்தவர். அந்தப் பதினோரு நாளைப் பற்றிப் பதினேழு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். கொடைக்கானல் குளிருக்கும் அவர் போட்டிருந்த சால்வைக்கும் சம்பந்தமில்லை; மதுரையில் சித்திரை மாதத்திலும் அதைப் போட்டுக்கொள்வார். ஏழு பேரும் வாசிக்க வேண்டிய உருப்படியை அவரே இயற்றியிருந்தார். ‘கொடைப் பனி’ என்று பெயர். ஒன்பது நிமிடம். முதல் நான்கு நிமிடம் பனி வருவதாகவும் மிச்ச ஐந்து நிமிடம் பனி போகாமல் நிற்பதாகவும் விளக்கம் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர்கள் வாசிப்பவரைப் பார்க்கக் கூடாது. மேடைக்கும் அவர்களுக்கும் நடுவில் கறுப்புத் திரை. வாசிப்பவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக மேடைக்குப் போகும் வழியெல்லாம் கம்பளம். இருமக் கூடாது. பேசக் கூடாது. பேசினால் நீக்கம். பார்வையாளர் கிடையாது. ஆளுக்குப் பத்து நிமிடம். மணி அடித்தால் வாசிக்க வேண்டும். மறுபடி மணி அடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. “என் காதுக்கு முகம் தேவையில்லை” என்று ஜெயமுருகன் காலையில் முழங்கினார். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

முதல் பரிசு, சென்னையில் ஓர் இசைப்பள்ளியில் ஒரு வருடப் படிப்பு, தங்குமிடத்தோடு. முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். சஃபீருக்கு அடுத்த மாதம் முப்பது. அத்தா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

“செயிச்சா மெட்ராசுக்குப் போ, நான் தடுக்கல. தோத்தா நகத்த வெட்டிட்டுக் கல்லாவுல வந்து உக்காரு.”

அன்று காலை 8.20க்கு அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரிக்கும்போது சஃபீரின் வலது மோதிர விரல் நகம் பாதியில் ஒடிந்தது.

“ஏலே, நகந்தானே போச்சு. நீ அழுகுறதப் பாத்தா வெரலே போன மாதிரி இருக்கு” என்றாள் ஜஹனாரா.

விரலே போன மாதிரிதான். அந்த உருப்படியின் கடைசி ஐந்து நிமிடமும் ட்ரெமோலோ. ஒரே தந்தியை மூன்று விரல்கள் மாறி மாறித் தொட வேண்டும். ஓட்டின் மேல் விடாமல் தூறுகிற மாதிரி கேட்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்கு நகம் இல்லாவிட்டால் தூறல் நொண்டும். கிட்டார்க்காரர்கள் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். பிங்பாங் பந்தை வெட்டி, நகத்தின் அடியில் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துக்கொள்வார்கள். சஃபீரும் ஒட்டினான். ஆனால் அன்று மூஞ்சிக்கல் பக்கம் காலையிலிருந்தே பனிமூட்டம். எதை ஒட்டினாலும் ஈரம். பசை இறுகவில்லை.

போட்டி நடந்த கட்டடம் பழைய மிஷன் கூடம். சீட்டுக் குலுக்கியதில் சஃபீருக்கு ஐந்தாம் எண். ஒவ்வொருவருக்கும் மேடைக்கு முன்னால் இருபத்தைந்து நிமிடம் ஒத்திகை அறை. 3.15க்கு உள்ளே போனான். ஒரு மர நாற்காலி, ஒரு கால் ஸ்டூல், ஒரு ஜன்னல். அவ்வளவுதான்.

நாற்காலியில் உட்கார்ந்தவன் உடனே எழுந்துவிட்டான். சூடாக இருந்தது.

முன்னால் இருந்தவர் அப்போதுதான் எழுந்து போயிருப்பார் என்று நினைத்தான். ஆனால் நான்காம் எண்காரர் 2.55க்கே அறையை விட்டுப் போனதை அவனே பார்த்திருந்தான். டிசம்பர் மாதக் கொடைக்கானலில் மர நாற்காலி இருபது நிமிடம் சூடு தாங்குமா என்று யோசித்தான். ஒருவேளை தாங்கும் என்று முடிவு செய்தான். போட்டிக்கு வந்தவனுக்கு வேறு வேலை இருக்கிறது.

வாட்ச்மேன் குழந்தைவேல் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்தார். பூம்பாறையில் பூண்டு போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கூடத்துக்குக் காவல். அன்று மணி அடிக்கும் பொறுப்பும் அவருடையது. வாசிப்பவர்கள் விரல் விறைக்காமல் இருக்க டம்ளரைப் பிடித்துக்கொள்வார்கள். சஃபீர் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஒன்றும் இல்லை. வெள்ளை.

3.19. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம்.

சரக்... சரக்... சரக்...

உப்புத்தாளில் நகம் தேய்க்கிற சத்தம். கிட்டார்க்காரன் காதுக்கு அது தூக்கத்திலும் தெரியும். ஏழு தேய்ப்பு, கொஞ்சம் இடைவெளி, அடுத்த விரல். ஆறாம் எண்காரன் வந்துவிட்டான் போலிருக்கிறது என்று எரிச்சலோடு எண்ணினான். ஒரு விரல். இரண்டு. மூன்று. நான்கு. அவ்வளவுதான், நான்கு விரலுக்குத்தான் நகம் வளர்ப்பார்கள்.

ஐந்து... ஆறு... ஏழு...

எட்டாவது விரலில் டம்ளரைக் கீழே வைத்தான்.

ஒன்பது... பத்து... பதினொன்று...

கதவைத் திறந்து குழந்தைவேலைக் கூப்பிட்டான்.

“அண்ணே, பக்கத்து ரூம்ல யாரு?”

“எந்த ரூம் தம்பி?”

“இந்தச் சுவருக்கு அங்கிட்டு.”

குழந்தைவேல் சுவரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

“அங்கிட்டு ஏது ரூமு. பள்ளம்ல கெடக்கு.”

அவர் போனபின் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான். சரிதான். சுவர் முடிகிற இடத்தில் மலையும் முடிந்திருந்தது. கீழே பனி. சத்தம் நின்றிருந்தது.

ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினான். உயரத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள அந்தக் கால் ஸ்டூலை உள்ளே வந்ததும் மூன்றாம் படிக்கு உயர்த்தி வைத்திருந்தான். இப்போது அது முதல் படியில் இருந்தது.

உயர்த்தினான்.

கிட்டாரைச் சுருதி சேர்க்கக் குனிந்தான். நிமிர்ந்தான்.

முதல் படி.

3.38. “வாங்க தம்பி” என்றார் குழந்தைவேல்.

மேடையில் ஒரு நாற்காலி. எதிரே கறுப்புத் திரை. திரைக்கு மேலே சுவரில் பெரிய கடிகாரம். திரைக்குப் பின்னால் யாரோ பேனா மூடியைத் திறக்கும் சத்தம். நடுவர்கள் இருக்கிறார்கள். மனிதர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் தைரியம் வந்தது.

உட்கார்ந்தான்.

சூடு.

3.40. மணி அடித்தது. குழந்தைவேல் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

வாசித்தான். நன்றாகவே வந்தது. முதல் நான்கு நிமிடத்தில் ட்ரெமோலோ இல்லை. ஒட்டிய நகம் தாக்குப்பிடித்தது. செயித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கல்லாப்பெட்டி, கடை, ஜஹனாராவின் நக்கல் எல்லாம் தூரமாகப் போயின.

3.44. ட்ரெமோலோ தொடங்கியது.

மூன்றாவது நொடியில் நகம் பிய்ந்தது.

டிக்.

கம்பளத்துக்கு வெளியே மரத்தரையில் அது விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. விரல் வழுக்கியது. தந்தி முனகியது. சஃபீர் நிறுத்திவிட்டான்.

நிறுத்திவிட்டுக் கைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டான்.

கூடம் அமைதியாக இருந்தது.

எழுந்திருக்க முடியாது. மணி அடிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க முடியாது. பேசக் கூடாது. முடிந்தது. இனி இன்னும் ஆறு நிமிடம் இப்படியே உட்கார்ந்திருந்து, போய்க் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

அப்போதுதான் நெஞ்சில் அது தெரிந்தது.

கிட்டாரின் முதுகு நெஞ்சில் சாய்ந்திருக்கும். வாசிக்கும்போது பலகை அதிரும். அது தோலுக்குத் தெரியும்.

அதிர்ந்துகொண்டிருந்தது.

சஃபீர் குனிந்து பார்த்தான்.

முதல் தந்தி தெளிவாகத் தெரியவில்லை. கலங்கலாக இருந்தது. அடித்த தந்தி அப்படித்தான் தெரியும்.

அவன் கைகள் காற்றில் இருந்தன. இரண்டும்.

சத்தம் இல்லை. ஒரு துளி சத்தம் இல்லை.

தந்தி மட்டும்...

3.46.

இடது பக்கம், தந்திகள் ஒவ்வொன்றாகப் பள்ளம் விழுந்தன. ஏதோ அழுத்துகிறது. விடுகிறது. அழுத்துகிறது.

கத்த நினைத்தான். கத்தினால் நீக்கம். அந்த நிலைமையிலும் அவனுக்கு அது நினைவிருந்தது.

3.48.

கண்ணை மூடிக்கொண்டான். மூடினால் நெஞ்சில் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

திறந்தான்.

3.49.

தந்தி நின்றது.

3.50. மணி.

கூடத்துக்கு வெளியே வந்து சுவரோரம் வாந்தி எடுத்தான். பதற்றம் என்று குழந்தைவேல் முதுகைத் தடவிவிட்டார்.

5.15க்கு முடிவு சொன்னார்கள். முதல் பரிசு, ஐந்தாம் எண்.

ஜெயமுருகன் சால்வையைச் சரிசெய்துகொண்டு, அந்த ட்ரெமோலோவைக் கேட்டபோதுதான் தான் என்ன எழுதியிருக்கிறோம் என்பதே தனக்குப் புரிந்தது என்றார். வாழ்நாளில் அவர் பேசியதில் உண்மைக்கு மிக அருகில் வந்த வாக்கியம் அதுதான். சஃபீர் திருடன் இல்லை. கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

“சார், நான் பாதியிலயே நிறுத்திட்டேன். மிச்சத்த வாசிச்சது நான் இல்ல.”

ஜெயமுருகன் கண் கலங்கிவிட்டார். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பினார்.

“கேட்டீங்களா? வாசித்தது நானல்ல என்கிறான். கலைஞன்.”

அன்று இரவே ஒலிப்பதிவை அவனுக்கு அனுப்பிவைத்தார். ஒன்பது நிமிடம். நடுவில் நகம் விழுந்த சத்தம் இல்லை. தந்தி முனகியது இல்லை. அவன் கையெடுத்த இடத்தில் ஒரு மூச்சளவுகூட இடைவெளி இல்லை. அதற்குப் பிறகும் அவன் வாசிப்பு மாதிரியேதான் இருந்தது. அவனால் எந்தக் காலத்திலும் வாசிக்க முடியாத அளவுக்கு அவன் மாதிரியே இருந்தது.

தோற்றுவிட்டேன் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தான். பரிசுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அத்தா சான்றிதழைச் சட்டம் போட்டு, சாக்லெட் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் மாட்டினார். பிறகு அதை நடுவிலும் விலைப்பட்டியலை ஓரத்திலுமாக மாற்றி மாட்டினார். இருபது வருடமாகக் கிட்டாரை ‘அந்தப் பொட்டி’ என்று சொல்லிவந்த மனிதர், வந்தவர் போனவரிடமெல்லாம் ட்ரெமோலோ என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார். கல்லாவை இனித் தானே பார்த்துக்கொள்வதாகவும் சஃபீர் வெரசாகக் கிளம்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஜனவரி ஐந்தாம் தேதி வகுப்புத் தொடக்கம். அன்று மாலை ஆசிரியர்கள் முன்னால் ‘கொடைப் பனி’ முழுவதையும் சஃபீர் வாசிக்க வேண்டும்.

மூன்று வாரம் அவன் ஓர் இடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்தான். ஏரியைச் சுற்றி நடந்தான், வந்தான், மறுபடி நடந்தான். தினமும் ட்ரெமோலோவைப் பழகினான். புது நகம் ஒட்டியும் அது நொண்டியது. ஒருநாள் காலை பத்து மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இடம் வந்ததும் வேண்டுமென்றே இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தான். நெஞ்சைக் கிட்டாரில் அழுத்திக்கொண்டு காத்திருந்தான்.

ஒன்றும் வரவில்லை.

ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றமாக இருந்ததை நினைத்ததும் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

ஜனவரி மூன்றாம் தேதி, சனிக்கிழமை, பெட்டியும் கிட்டாருமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். 2.05க்கு வத்தலக்குண்டு பஸ். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். சௌம்யா. தாண்டிக்குடிக்காரி. போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. நேராகக் கேட்டாள்.

“நீங்க எத்தனாவது நிமிசத்துல நிறுத்துனீங்க?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தியதாகச் சொன்னாள். உருப்படி மறந்துவிட்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தந்தி தானாக அதிர்ந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு தூக்கம் போய், மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்திருக்கிறாள். போனை எடுத்தவர்கள் எல்லாரும் நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து மறைத்திருக்கிறார்கள். பெங்களூர்க்காரர் மட்டும் அது தன்னுடைய பல வருடச் சாதகம் தானாகப் பேசியது என்று நம்பிக்கொண்டிருக்கிறாராம். தன் வாசிப்பைப் பற்றி நடுவர்கள் எழுதிக் கொடுத்த குறிப்பை அவள் காட்டினாள். ‘இது முழுக்க முழுக்க உங்கள் ஆளுமை.’

போனைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினாள். எதிரே கடிகாரம் இருந்ததால் நிறுத்திய நேரம் எல்லாருக்கும் நினைவிருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தியவள் இரண்டாம் இடம். ஐந்தரையில் நிறுத்தியவர் மூன்று. ஆறில், நான்கு. ஏழில், ஐந்து. எட்டாவது நிமிடம்வரை தானே வாசித்தவர் ஆறாம் இடம்.

பட்டியலின் மேலே ஒரு கோடு காலியாக இருந்தது.

“நாலு” என்றான் சஃபீர்.

அவள் எழுதிக்கொண்டாள்.

ஏழாம் இடத்துக்காரர் மட்டும் மிச்சம். பழனிக்குமார். கன்னிவாடியில் தக்காளி மண்டியில் வேலை. அதுவரை போனை எடுக்காதவர் இப்போது எடுத்தார். சௌம்யா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஏலம் கூவும் சத்தம் கேட்டது. அவர் வாசிப்பில் உயிர் இல்லை என்று நடுவர்கள் எழுதியிருந்தார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நடுவில் எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டதும் சிரிப்பு நின்றது.

“நான் நிறுத்தலயே. ஒம்போது நிமிசமும் நாந்தேன் வாசிச்சேன்.”

மண்டியை விட்டுத் தள்ளி வந்தார் போலிருக்கிறது, ஏலச் சத்தம் குறைந்தது.

“பாதியில யாரோ பக்கத்துல வந்து நின்ன மாதிரி இருந்துச்சுங்க. நான் எந்திரிப்பேன்னு காத்துக்கிட்டு நின்னுச்சு. நான் எந்திரிக்கல.”

யாரோ அவரை ஏலத்துக்குக் கூப்பிட்டார்கள்.

“மொதப் பரிசுக்காரரா அங்க இருக்கீங்க? ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிடாதீங்க. சென்னையில எடம் உங்களுக்குக் குடுத்திருக்காங்களா... இல்ல, அதுக்குக் குடுத்திருக்காங்களா?”

அவர் போனை வைத்துவிட்டார். சௌம்யா எழுந்து தன் பஸ்ஸுக்குப் போனாள்.

2.05க்கு வத்தலக்குண்டு பஸ் கிளம்பியது. கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார்.

3.10 பஸ்ஸும் போனது.

சஃபீர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தான்.